காணியில் வெளி விட்டால் என்ன கிடைக்கும்?

ஜனவரி 31க்குள் முழு ஆண்டுச் சோலைவரியையும் கட்டினால் 10% கழிவு. கொழும்பில் சொந்த வீடு உள்ளவர்களுக்குப் பழகிப்போன கணக்கு இது. மாநகர சபை யாரையும் விரட்டாமலே காசை முன்கூட்டி வாங்கிவிடுகிறது. நகரத்தில் மிஞ்சியிருக்கும் திறந்த வெளிகளைக் காக்கும் ஊக்குவிப்புகளும் இந்த வகைதான்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஒழுங்குவிதிகளின்படி, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், வீதிகள் நீங்கலாக 10% ஐப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. (2021 இல் புதிய விதிகள் வந்தன, காணி பிரிக்கிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.) ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 395 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி). கொழும்பின் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அப்படியொரு காணிக்கு எங்கே போவது? அங்கே கைமாறுவதெல்லாம் 10 பேர்ச், 15 பேர்ச். பழைய வீட்டை உடைப்பார்கள், மாமரமும் கிணற்றடியும் போகும், அடுக்குமாடி எழும்பும். அந்த 10% விதி இதன் பக்கமே வராது.

அதனால்தான் பேரம்: வெளி விடு, கூடுதலாகக் கட்ட அனுமதி தருகிறோம். ஒரு பேச்சுக்கு, 40 பேர்ச் காணியில் எல்லா மாடிகளையும் சேர்த்து அதைப்போல 4 மடங்கு தளப்பரப்பு கட்ட அனுமதி என்று வைப்போம். வீதியோரம் 4 பேர்ச்சைப் பொதுமக்களுக்கு விட்டால், ஒவ்வொரு பேர்ச்சுக்கும் 5 பேர்ச் தளம் கூடுதலாகத் தருகிறார்கள். கூட்டினால் 5,400 சதுர அடிக்கு மேல்; மூன்று நான்கு வீடு விற்கலாம். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இலவசமும் இல்லை: கூடுகிற குடும்பங்களின் வாகனத்தையும் கழிவுநீரையும் அதே ஒழுங்கைதான் தாங்க வேண்டும்.

நியூயோர்க் 1961 இலேயே இதைத் தொடங்கியது. நெருக்கமான பகுதிகளில் 1 சதுர அடி முற்றத்துக்கு 10 சதுர அடி தளம்! 2000 இல் 503 இடங்களை ஆராய்ந்தபோது, 41% பெரிதாக உதவாத வெளிகள் என்று தெரிந்தது. கூடுதல் மாடி கட்டியாயிற்று, அப்புறம் படலையைப் பூட்டினால் யார் கேட்பது?

மும்பையில் வேறு வழி. பூங்காவுக்கென்று குறிக்கப்பட்ட காணியை ஒப்படைத்தால், அதற்குரிய கட்டும் உரிமை சான்றிதழாகக் கிடைக்கும். வேறிடத்தில் கட்டுபவருக்கு அதை விற்கலாம்.

என்னைக் கேட்டால், நமது சின்னக் காணிகளுக்குச் சரிவரக்கூடியது சோலைவரிக் கழிவுதான். மரத்தோடு முற்றத்தை அப்படியே வைத்திருக்கும் வீட்டுக்கு வருடா வருடம் கழிவு; வெட்டிச் சீமெந்து போட்டால் அந்த வருடமே நிறுத்தம். படலையைப் பூட்டி ஏமாற்றுவது போல இதில் ஏமாற்ற முடியாது; அதற்கு இடம் குறைவு.

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். படத்தில் காட்டும் திறந்த வெளி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் கூட்டாதன வரைபடத்திலும் (அடுக்குமாடியில் எது யாருக்குச் சொந்தம், எது பொது என்று காட்டுவது) பொதுப் பகுதியாக இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். நான் வாங்கியபோது பார்க்கவில்லை. விளம்பரப் படத்தில் பச்சையாக இருந்த மூலையில் இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது.