பழைய காரில் வெடிச் சத்தம்: கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில் பாலங்களுக்குப் பஞ்சமில்லை. போன பங்குனியில், அந்தப் பாலங்களின் இறக்கத்திலெல்லாம் வேட்டு போட்டுக்கொண்டே எம்.ஜி.பி. என்ற சிவப்பு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. 1970 மாடல், அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தது, ஸ்டீயரிங் இடது பக்கம். ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். "தம்பி, ஏறும்போது ஒண்ணுமில்லை. காலை எடுத்தா மட்டும் டப்பு டப்புங்குது. பாபநாசத்துல ஒருத்தர் சைக்கிளோட வயல்ல இறங்கிட்டார்" என்றார்.

அதற்கு முன்பே மூன்று பேர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைத் திருகியிருந்தார்கள்.

சத்தம் முன்னால் கேட்கிறதா, பின்னால் கேட்கிறதா? இதைக் கேட்காமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. கார்புரேட்டர் வழியாகத் தும்மினால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) தப்பு, அல்லது இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. இந்தக் காரில் இருக்கிற எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில், உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் பிடிக்கும் டாம்பர் எண்ணெய் வற்றிப்போனாலும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது தும்மும். எண்ணெய் விட்டால் சரி. பின்னால் சைலன்சரில் வெடித்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குப் போய், அங்கே காற்று கிடைத்துத் தீப்பிடிக்கிறது. ஏன் எரியவில்லை, காற்று எங்கிருந்து வந்தது என்று இரண்டையும் தேட வேண்டும்.

பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட்டின் இடைவெளியைப் பார்த்தேன், 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருந்தது. டைமிங்கும் சரி. ஆனால் அவர் கொண்டுவந்த புகைச் சோதனைச் சீட்டு பேசியது. இவ்வளவு பழைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். என்பது வரம்பு. இதில் மோனாக்சைடு நன்றாகக் குறைந்திருந்தது, ஹைட்ரோகார்பன் மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தது. பெட்ரோல் அதிகமானால் மோனாக்சைடுதான் முதலில் ஏறும். ஆக, கலவையில் காற்று மிஞ்சி, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது சில தடவை எரியாமலே விட்டுவிடுகிறது. சீட்டில் 'ஃபெயில்' என்பதை மட்டும் படித்தவர்கள் பெட்ரோலை இன்னும் குறைத்துவிட்டிருந்தார்கள். எரிகிற வயிற்றில் மிளகாய் போட்ட மாதிரி!

பானெட்டைத் திறந்து பார்த்தால் ஏர் பம்ப் இல்லை. இந்த அமெரிக்க மாடலில் பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப், எக்ஸாஸ்ட் வழிகளுக்குள் காற்றை ஊதி, மிச்சப் பெட்ரோலை அங்கேயே எரித்துவிடும். திடீரென்று காலை எடுத்தால் இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயில்) உறிஞ்சல் கூடும், கலவை சட்டென்று தடிக்கும். அப்போது கல்ப் வால்வு சில நொடி திறந்து, இன்டேக்குக்குக் கொஞ்சம் காற்று தந்து வெடிப்பைத் தடுக்கும். யாரோ ஒருவர் இது நம்ம ஊருக்குத் தேவையில்லை என்று இரண்டையும் கழற்றிவிட்டார். கழற்றியதில் எனக்கு வருத்தமில்லை. மேனிஃபோல்டில் தொங்கிய ஹோஸை எதை வைத்து அடைத்திருந்தார் தெரியுமா? சீவிய கருவேலங்குச்சி, மேலே செம்புக் கம்பிக் கட்டு. பச்சையாக இருந்தபோது இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். காய்ந்து சுருங்கி, விரலால் சுழற்றினால் சுழன்றது. காலை எடுக்கும்போதுதான் உறிஞ்சல் அதிகம் என்பதால், காற்றும் அப்போதுதான் அளவு மீறி உள்ளே போகிறது, கலவை எரியாமலே எக்ஸாஸ்டுக்குத் தப்பிவிடுகிறது.

இந்த மாதிரிக் கசிவைக் கண்டுபிடிக்க கிளீனர் ஸ்பிரே அடிப்பது நம்மவர்கள் வழக்கம். இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருக்கின்றன, தீப்பிடிக்க அது போதும். எஞ்சின் சூடாகும் முன் ஊசிக் குழாயில் வெறும் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பார்த்தால் போதும், கசிகிற இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும்.

இனி, எக்ஸாஸ்டுக்குள் வெளிக்காற்று வந்த வழி: செக் வால்வு. எக்ஸாஸ்ட் புகை பம்ப்புக்குத் திரும்பாமல் தடுக்கிற ஒருவழி வால்வு அது. பம்ப் இருந்த இடத்தில் ஹோஸ் வாய் பிளந்து கிடந்தது, உட்புறம் கருகியிருந்தது. கழற்றி வாயால் ஊதினேன், இரண்டு பக்கமும் காற்று போனது. (கம்ப்ரஸர் காற்றில் சோதிக்காதீர்கள், நல்ல வால்வும் கெட்டுப்போகும்.)

அவரிடம் சொன்னேன்: "சார், ஒண்ணு எல்லாம் இருக்கட்டும். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு, சிலிண்டர் ஹெட்ல பம்ப் காத்து போற ஓட்டைகள்ல திருகு போட்டு அடைச்சுடலாம். பாதியில நிக்கக் கூடாது." இரண்டு நாள் கழித்து ஒரு சாக்கோடு வந்தார். பம்ப்பும் கல்ப் வால்வும் வீட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால் கிடந்தனவாம், பேரிங் மட்டும்தான் போயிருந்தது.

மாட்டிய பிறகு கல்ப் வால்வைப் பார்க்க, பம்ப்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரல் வைத்தேன். ஐடிலிங்கில் இழுக்கக் கூடாது, ரேஸ் கொடுத்துச் சட்டென்று காலை எடுத்தால் இழுக்க வேண்டும். ஐடிலிங்கிலேயே இழுத்தால் வால்வு போச்சு. ரேஸ் விட்டும் இழுக்கவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருக்கலாம்.

அந்த மாதிரி ரப்பர்க் குழாய்களை இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து நைத்துவிடும், கலவையையும் காற்று மிஞ்சியதாக ஆக்கும். ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி மழையில் மூன்று மாதம் ஷெட்டில் நிற்கப்போகிற கார் என்றால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள். பேராசிரியருக்கு எல்லா ஹோஸையும் மாற்றி, மூன்று பேர் திருகியதைப் பழையபடி வைத்து, நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழும்படி பம்ப் பெல்ட்டை இறுக்கி அனுப்பினேன். குச்சியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.