கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஹெட்ஃபோன்

வென்டிலேட்டரில் இருப்பவரால் பேச முடியாது. வாய் வழியாகப் போகும் ட்யூப், இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே நுழைந்து மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும். குரலாக வேண்டிய காற்று அந்த ட்யூபுக்குள்ளேயே போய்வந்துவிடும். தாகம், வலி, பயம் என்று எதையும் வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. தலைமாட்டில் அலாரம் மட்டும் ராப்பகலாக அடித்துக்கொண்டிருக்கும். இப்படிப் படுத்திருப்பவருக்குப் பிடித்த இசை கொஞ்சம் உதவும் என்கிறது ஓர் ஆய்வு.

உடம்பு இதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. மிஷின் காற்றை உள்ளே தள்ளும் நேரத்தில் நோயாளி வெளியே விடப் பார்ப்பார். இந்த மல்லுக்கட்டைத் தணிக்க, மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் வைப்பார்கள். தேவையான மருந்துதான். ஆனால் அளவு கூடினால் வென்டிலேட்டரை எடுக்கும் நாள் தள்ளிப்போகலாம், மனக்குழப்பமும் வரலாம்.

சரி, இசை எங்கே உதவுகிறது? காதில் விழும் ஒலி மூளைத்தண்டு வழியாகத்தான் மேலே ஏறுகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மையங்களும் அங்கேதான் இருக்கின்றன. பயத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் ஒலி போய்ச் சேர்கிறது. திடீர் அலாரம் அதை உசுப்பிவிடும். அடுத்த அடி என்னவென்று தெரிந்த பாட்டில் அந்தத் திடுக்கிடல் இல்லை. 2011-இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள், மனதுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலிர்க்க வைக்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் மூளையில் சுரக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் அது யாருக்குப் பிடித்த பாட்டு என்பது முக்கியம்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர் லிண்டா ச்லான் குழுவினர் இதை ஐசியூவிலேயே சோதித்தார்கள்; முடிவு 2013-இல் வெளியானது. வென்டிலேட்டரில் இருந்த 373 பேர். ஒரு பிரிவுக்கு, அவரவர் ரசனையைக் கேட்டறிந்து இசை சேர்த்துக் கொடுத்தார்கள். எப்போது கேட்பது என்பது நோயாளியின் இஷ்டம். இன்னொரு பிரிவுக்கு வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்ஃபோன் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. பேச முடியாதவரிடம் பதற்றத்தை எப்படி அளப்பது? 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றைக் காட்டி, உங்கள் பதற்றம் இதில் எந்த இடம் என்று கேட்டார்கள்.

இசை கேட்டவர்களின் பதற்றம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அந்தக் கோட்டில் 19.5 புள்ளி குறைவு. ஐந்தாம் நாளில் மயக்க மருந்தும் இரண்டு டோஸ் குறைந்திருந்தது. வெறும் ஹெட்ஃபோன் போட்டவர்களோடு ஒப்பிட்டால், பதற்றத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. இரைச்சலே பாதி எதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் மருந்து கொடுக்க வேண்டிய தடவைகள் இசைப் பிரிவில்தான் குறைந்தன.

நாளொன்றுக்குச் சராசரியாக 80 நிமிடம் கேட்டிருக்கிறார்கள். எப்போது மூச்சு, எப்போது ஊசி, எப்போது புரட்டிப் படுக்க வைப்பது என்று எல்லாமே பிறர் கையில் இருக்கிற நாட்களில், இது ஒன்று அவர்கள் கையில் இருந்தது.

உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப் படுத்திருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு அவருக்குப் பிடித்த பாட்டுகளைக் கொண்டுபோங்கள். சத்தம் குறைவாகவே இருக்கட்டும். தலையசைத்து வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஹெட்ஃபோனை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.