மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அரும்பு' நிலையில் இருந்தால் என்ன செய்வது? எண்ணும் எழுத்தும் திட்ட விளக்கம்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை 'அரும்பு' நிலையில், அதாவது ஒன்றாம் வகுப்புத் திறன் நிலையில், வைத்திருக்கிறோம் என்று ஆசிரியர் சொன்னதும், பிள்ளை ஃபெயிலாகிவிட்டது என்று பல பெற்றோர் பதறிப்போகிறார்கள். அது மதிப்பெண் அல்ல. எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம்.

இந்த நிலைகளை வைக்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் கொரோனா காலத்துக் கற்றல் இழப்பிலிருந்து வந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அதற்குள் அவர்கள் இரண்டாம் வகுப்பு. 2022 ஜனவரியில் மறுபடியும் விடுமுறை. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகக் கண்டது. அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது. மீளாத மூன்றில் ஒரு பங்கை அடுத்த வகுப்புப் பாடத்தால் நிரப்ப முடியாது. அடியிலிருந்து கட்ட வேண்டும்.

அதற்காக 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் தொடங்கியது. அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் முதலில் அடிப்படைத் திறனைப் பார்ப்பார்கள். ஒன்றாம் வகுப்புத் திறன் அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன் மொட்டு, மூன்றாம் வகுப்புத் திறன் மலர். ஒரே பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். ஆகவே "எம் பிள்ளை எந்த நிலை?" என்று மொத்தமாகக் கேட்காமல், பாடம் பாடமாகக் கேளுங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. 'கொக்கு' என்று எழுதிக் காட்டுங்கள். பிள்ளை 'கெக்கு' என்று படித்தால், முன்னால் வரும் கொம்பைப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறது என்று பொருள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படித்தால் புள்ளி வைத்த எழுத்தில் தடுமாற்றம். கணக்கில் 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 என்று விடை வந்தால், ஒன்றின் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. இதற்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய நாலு குச்சிக் கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் கொடுங்கள். ஏழு எடுக்க முடியாமல் ஒரு கட்டை அவிழ்க்கும்போது 13 உதிரி ஆகும். அதில் ஏழு போக ஆறு, மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. 26 என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

திட்டம் பிசகும் இடம் ஒன்று உண்டு. நிலை என்பது அவ்வப்போது மதிப்பிட்டு மாற்ற வேண்டியது. பிள்ளை தேறிய பிறகும் பழைய குழுவிலேயே உட்கார்ந்திருந்தால் சலித்துப்போகும். தேறாத பிள்ளையைப் பதிவில் மட்டும் மலர் ஆக்கினால் பயிற்சியே நின்றுவிடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது வெளியே தெரியாது. பயிற்சி நூலை வாங்கிப் புரட்டுங்கள்: பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றனவா, கரும்பலகையைப் பார்த்து எழுதியதா, பிள்ளை தானே போட்டதா?

குறை தெரிந்தால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் பள்ளி மேலாண்மைக் குழு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. பெற்றோரைச் சந்தித்து முன்னேற்றத்தைத் தெரிவிப்பதும் அதே பிரிவில் வருகிறது. சலுகை கேட்கிறோம் என்று கூச வேண்டாம்.

2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். எண்ணும் எழுத்தும் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. நடுநிலைப் பள்ளிக்கு மாறும்போது பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று புதிய வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய பயிற்சி நூல்களையும் எடுத்துப் போங்கள்.