கிராம்பு எண்ணெயில் ஊறும் சாட்சி

அமெரிக்க வீடுகளில் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று குளியலறைச் சுவரில் தென்பட்டால் போதும், 'பிரவுன் ரெக்லூஸ்' என்று யாராவது அலறிவிடுவார்கள். கடித்த இடத்தில் சதை அழுகிப்போகும் என்ற பேச்சு அந்தச் சிலந்தியைவிட வேகமாக நாடெங்கும் பரவியிருக்கிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சிலந்தி ஆய்வாளர் ரிக் வெட்டர் இந்தப் பீதியைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். ரெக்லூஸ் என்று நீங்கள் நினைப்பதைப் பிடித்து எனக்கு அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். 49 மாநிலங்களிலிருந்து 1,773 உயிரிகள் வந்து சேர்ந்தன. 2005இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி அவற்றில் உண்மையான ரெக்லூஸ் 324தான். அவையும் ஏறக்குறைய எல்லாமே கான்சாஸ், மிசூரி, டெக்சாஸ் போன்ற அதன் சொந்தப் பிரதேசத்திலிருந்து வந்தவை.

அந்தச் சொந்தப் பிரதேசத்தில் நிலவரம் எப்படி என்று கேட்கலாம். கான்சாஸில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ்களைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் கடிபட்டதாகத் தெரியவில்லை.

வந்து குவிந்த புட்டிகளில் எது ரெக்லூஸ், எது இல்லை என்பதை எப்படிப் பிரிப்பது? முதுகில் வயலின் வடிவக் கறை இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பினால் மோசம்போக வேண்டியதுதான். கறுத்த திட்டு எத்தனையோ சிலந்திகளின் முதுகில் உண்டு. பயத்தோடு பார்ப்பவருக்கு எல்லாமே வயலின்தான். கண்களை எண்ண வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். ரெக்லூஸுக்கு ஆறு; முன்னால் ஒரு ஜோடி, பக்கத்துக்கு ஒரு ஜோடி என மூன்று ஜோடிகள்.

கண்களின் அடுக்கு ஒரு சிலந்தியின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். தாவும் சிலந்தியின் முகத்தில் மோட்டார் வண்டியின் முகப்பு விளக்குகள் போல இரண்டு பெரிய கண்கள் முன்னோக்கி நிற்கும். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ்வரிசையில் நான்கு சிறிய கண்கள், அதற்குமேல் இரண்டு பெரியவை, பின்னால் இன்னும் இரண்டு. இதுவரைக்கும் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

குடும்பம் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள வட அமெரிக்காவில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட சிலந்திச் சிற்றினங்கள் உண்டு. நிறம், அளவு, உடலிலுள்ள கோலம் எல்லாம் ஒரே இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும். மாறாமல் நிற்பவை இனப்பெருக்க உறுப்புகள் மட்டுமே.

ஆண் சிலந்தியின் வாயருகே இரண்டு குட்டிக் கால்கள் உண்டு, பெடிபால்ப் என்பார்கள். கடைசித் தோலுரிப்பு முடிந்ததும் அவற்றின் நுனி குமிழ் போலப் புடைத்துவிடும். ஆண் ஒரு சின்னஞ்சிறு வலை பின்னி, அதில் விந்துத் துளியை வைத்து, இந்தக் குமிழுக்குள் உறிஞ்சி ஏற்றிக்கொள்ளும். பழைய மைப்பேனாவுக்கு மை நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழில் கொக்கி, முள், சுருள் என்று என்னென்னவோ இருக்கும். பல குடும்பங்களில் பெண்ணின் வயிற்றடியில் இதற்கு ஈடான கடினத் தகடு ஒன்று உண்டு. ஒவ்வொரு சிற்றினத்துக்கும் தகடு வேறு, கொக்கி வேறு. பூட்டும் சாவியும் என்று பாடநூல்கள் சொல்லும் உவமை அவ்வளவு சரியல்ல. தவறான சாவி பூட்டில் நுழையாது என்பதற்கான சான்று வலுவாக இல்லை. ஆனால் அடையாளம் காண்பதற்கு இதைவிட நம்பகமான உறுப்பு வேறில்லை.

பார்க்கும் விதம் இது. சிலந்தியை எழுபது, எண்பது சதவீத ஆல்கஹாலில் மூழ்கவைத்து, இருபுறக் கண்ணோக்கி கொண்ட நுண்ணோக்கியின் கீழே வைப்பார்கள். பெண்ணாக இருந்தால் வயிற்றடித் தகட்டை ஊசி முனையால் நறுக்கி எடுப்பார்கள். கடுகில் பாதிகூட இல்லாத அந்தத் துண்டைக் கிராம்பு எண்ணெயில் இடுவார்கள். ஆமாம், பல்வலிக்கு வைக்கிறோமே, அதே கிராம்பு எண்ணெய்தான். சிறிது நேரத்தில் பழுப்புத் திசு கண்ணாடி போலத் தெளிய, உள்ளே சுருண்டு கிடக்கும் குழாய்களும் விந்துப் பைகளும் வெளிச்சத்துக்கு வரும். அவற்றின் வளைவை வைத்துத்தான் பெயர். குஞ்சாக இருந்தால் கொக்கியும் இல்லை, தகடும் இல்லை. எவ்வளவு பெரிய நிபுணரானாலும் பேரினம்வரை, அதாவது நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த தொகுதிவரை, சொல்லிவிட்டுப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி 'இது என்ன சிலந்தி' என்று கேட்பவர்களுக்குப் பல சமயம் பதில் வராததற்குக் காரணம் இதுதான். நிபுணரின் அலட்சியம் அல்ல.

இந்த வழக்கம் வேரூன்றுவதற்கு முன்னால் வைத்த பெயர்கள் இன்றும் தலைவலியாக இருக்கின்றன. லண்டனில் பிறந்து ஜார்ஜியாவில் குடியேறிய ஜான் ஆபட் என்ற ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 500க்கும் மேற்பட்ட சிலந்திப் படங்களை வண்ணத்தில் தீட்டினார். அவை இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சு அறிஞர் வால்கெனார் அந்தப் படங்களைப் பார்த்தே பல இனங்களுக்குப் பெயர் சூட்டி, 1837 முதல் வெளியிட்டார். சிலந்தி அவர் கைக்கு வரவில்லை. படம் மட்டுமே சாட்சி. ஆபட்டின் தூரிகை அபாரமானதுதான். ஆனால் பின்னாளில் தேவைப்படப்போகும் குமிழின் கொக்கியை அவர் ஏன் வரையப்போகிறார்? சிலந்தி ஆய்வாளர்களான சேம்பர்லினும் ஐவியும் ஜார்ஜியாவின் சிலந்திகளை அந்த ஓவியங்களோடு ஒப்பிட்டு 1944இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது.

நிக்கோலஸ் ஹென்ட்ஸின் கதை இன்னும் பரிதாபம். வெர்சாய் நகரில் பிறந்து 1816இல் அமெரிக்கா வந்தவர். வட கரோலினாவிலும் அலபாமாவிலும் ஆசிரியராக வாழ்க்கை நடத்தியவர். அமெரிக்கச் சிலந்திகளை முறையாக விவரித்த முன்னோடி அவர்தான். கறுத்த உடலும் பச்சையாக மின்னும் தாடையுமாகத் துள்ளித் திரியும் ஃபிடிப்பஸ் ஆடாக்ஸுக்கு 1845இல் பெயர் தந்தவரும் அவரே. அவர் சேகரித்த மாதிரிகள் பின்னர் அழிந்துபோயின. ஒரு பெயரின் பொருள் என்ன என்று தகராறு வந்தால் போய்ப் பார்க்க வேண்டிய மூலமாதிரி இல்லை. பச்சைத் தாடைக்காரன் போல வேறெதோடும் குழம்பாதவை தப்பித்தன. தெளிவற்ற சில வரிகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட பெயர்களைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் 'ஐயத்துக்குரியவை' என்று தனியே ஒதுக்கிவைத்திருக்கிறது.

பெயர் மாறினாலும் அதன் தடயம் அழியாமலிருக்க விலங்கியலில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. அமெரிக்க வீடுகளின் மூலையில் வலை கட்டும் சிலந்தியை 1841இல் ஜெர்மானியர் கோக் விவரித்தார். வெதுவெதுப்பான செடிவளர்ப்புக் கூடத்தில் கிடைத்ததால் டெபிடேரியோரம் என்றார். அது முதலில் தெரிடியன் என்ற பேரினத்தில் இருந்தது, பிறகு அகேயரேனியாவுக்குப் போனது, இப்போது பாராஸ்டியடோடாவில் இருக்கிறது. மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது கடைசிச் சொல் ஒன்றுதான். கோக்கின் பெயரை இப்போது அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். பிறந்த பேரினத்தில் இது இப்போது இல்லை என்பதற்கு அந்த இரண்டு வளைகோடுகள்தான் அறிவிப்பு.

உறுப்புகளைப் பார்த்தும் தீராத வழக்குகள் உண்டு. மண்ணில் வளை தோண்டி மூடி போட்டு வாழும் பொறிக்கதவுச் சிலந்திகள் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. பக்கத்து மணல்மேட்டுக் கூட்டத்தோடு கலக்காமலே காலம் ஓடிவிடும். உருவம் ஒன்றுபோலவே இருக்கும், மரபணு மட்டும் பிரிந்துபோயிருக்கும். ஆப்டோஸ்டிகஸ் என்ற பேரினத்தை ஜேசன் பாண்ட் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது அதில் 40 இனங்கள் இருந்தன; 33 புதியவை. பெரும்பகுதி கலிஃபோர்னியாவில், மக்கள் நெருக்கமாக வாழும் மாநிலத்தில். ஒன்றுக்கு ஒபாமாவின் பெயரைச் சூட்டினார்.

அதே ஆண்டில் இன்னொரு செய்தி. ஓரிகான் மாநிலக் குகைகளில் ஆர்வலர்கள் பிடித்துத் தந்த சிலந்தி எந்தக் குடும்பத்திலும் அடங்கவில்லை. அதற்காகவே புதிய குடும்பம் ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. கால் நுனியில் அரிவாள் போல வளைந்த நீண்ட நகங்கள்; அதனால் ட்ரோக்லோராப்டர், குகைக் கொள்ளையன் என்று பெயர். அந்த நகங்கள் எதைப் பிடிக்க? சான்பிரான்சிஸ்கோ ஆய்வகத்தில் குளிரும் இருளும் ஈரமுமாகக் குகை போலவே அமைத்து, உயிருள்ள இளஞ்சிலந்திகளை வளர்த்துப் பார்த்தார்கள். அந்துப்பூச்சி, சிள்வண்டு, வேறு சிலந்தி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். எதையும் அவை தொடவில்லை.