ரைசோஸ்பியர்: தமிழில் வேரடி மண்

ஒரு செடியைப் பிடுங்கி நன்றாக உதறினால் பெரும்பகுதி மண் உதிர்ந்துவிடும். அப்படியும் நுனிவேர்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒட்டி நிற்கும் மண்தான் ரைசோஸ்பியர். ஆய்வுக்கு மாதிரி எடுப்பதும் இப்படித்தான். உதிர்ந்ததைப் பொதுமண் என்று தனியே வைத்துவிட்டு, ஒட்டியதைத் தூரிகையால் தட்டியோ உப்புக்கரைசலில் கழுவியோ எடுப்பார்கள்.

கிரேக்கத்தில் 'ரைசா' வேர், 'ஸ்பைரா' கோளம். ஜெர்மானிய அறிவியலாளர் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். பயறுவகை வேர்களில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர் அவர்.

தமிழில் 'வேர்மண்டலம்' என்ற சொல் புழக்கத்தில் இருந்தாலும் அதில் குழப்பம் உண்டு. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் உரமிடச் சொல்லும்போது, வேர் ஓடும் அந்தப் பரப்பு முழுவதையும் அப்படித்தான் குறிப்பிடுகிறோம். 'வேரோடும் வேரடி மண்ணோடும்' என்று நாம் அன்றாடம் சொல்வதில் இருக்கும் 'வேரடி மண்' இந்தப் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. அதையே பயன்படுத்தலாம்.

வேர் சும்மா இருப்பதில்லை. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம், ஃபீனால் சேர்மங்கள் ஆகியவற்றைக் கசியவிடுகிறது. அதனால் வேரடி மண்ணில் பாக்டீரியா எண்ணிக்கை பொதுமண்ணைவிடப் பல மடங்கு கூடுகிறது. மண்ணில் சிந்திய டீசல் போன்ற எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் பாக்டீரியா இனங்களும் அங்கே உண்டு. எண்ணிக்கையை விடவும் நுட்பமானது ஒன்று இருக்கிறது. அந்துருண்டையின் நாஃப்தலீனைச் சில சூடோமோனாஸ்கள் உடைக்கும்போது நடுவில் சாலிசிலேட் என்ற சேர்மம் உருவாகிறது. சிதைக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவதும் அதுதான். அதே சாலிசிலேட்டைத் தாவரங்களும் உண்டாக்குகின்றன. அதாவது, மாசைத் தின்னும் வேலைக்கான விசையை வேரே தட்டிவிட முடியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எளிதில் செரிக்கும் சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா டீசலைத் தொடாது. 'நுண்ணுயிருக்கு உணவு' என்று கருப்பட்டிக் கரைசலைக் குடம் குடமாக ஊற்றுவது இந்த இடத்தில் கெடுதல்.

குளச்சல், சின்னமுட்டம் போன்ற கடற்கரைகளில் படகு இன்ஜின் எண்ணெய் சிந்திய மணலுக்குப் பூவரசு ஏற்ற மரம். அது உப்பைத் தாங்கும். ஹவாயில் டீசல் கலந்த மண்ணில் சோதித்த கடலோர மரங்களில் அதுவும் ஒன்று. தேங்கிய எண்ணெயை முதலில் அள்ளி அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணல் தண்ணீரை உறிஞ்சாமல் நாற்று காய்ந்துவிடும். பிறகு மட்கிய தொழுவுரம் கலந்து நட வேண்டும்.

எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்குக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்பது வழக்கமான கணக்கு. 1 கிலோ டீசலில் ஏறத்தாழ 850 கிராம் கார்பன் இருப்பதால் 85 கிராம் நைட்ரஜன் தேவை, அதாவது சுமார் 185 கிராம் யூரியா. இதை மேல்வரம்பாகக் கொண்டு பல தவணையாகக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் வேர் கருகும், மணலில் மிச்சம் கிணற்று நீருக்கு இறங்கும். பாஸ்பரஸ் 8.5 கிராம் தேவை, அதற்குச் சுமார் 120 கிராம் சூப்பர் பாஸ்பேட் போதும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சரளை மண் அமிலத்தன்மை கொண்டது. கார அமில நிலை (pH) 6க்குக் கீழே இருந்தால் எண்ணெய் தின்னும் பாக்டீரியா மந்தமாகும். அங்கே சுண்ணாம்பு இட்ட பின்பே நட வேண்டும். நீர் தேங்கும் இடமானால் வடிகால் இல்லாமல் எதுவும் நடக்காது, இந்தச் சிதைவுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

மணவாளக்குறிச்சிக் கருமணலின் மோனசைட் கனிமத்தில் உள்ள கதிரியக்கத் தோரியத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது தனிமம். வேரடி மண் பாக்டீரியா அதன் கரைதிறனை மாற்றலாமே தவிர, டீசலைப் போல உடைத்துக் கரியமிலவாயுவாக்க முடியாது.