வௌவாலுக்கும் அதே மெலட்டோனின்தான்

மெலட்டோனின் என்றால் தூக்க மாத்திரை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூளையின் நடுவே இருக்கும் பீனியல் சுரப்பி இரவில் இதைச் சுரக்கிறது என்பது உண்மை. ஆனால் எலிக்கும் வௌவாலுக்கும்கூட இது இரவில்தான் சுரக்கிறது. தூங்க வைப்பது மட்டுமே இதன் வேலை என்றால், அந்தி சாய்ந்த பிறகு மதுரையை அடுத்த கீழக்குயில்குடி மலைப்பக்கம் ஒரு வௌவாலும் பறக்கக் கூடாது. இருட்டிவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் தகவல் சொல்வதுதான் மெலட்டோனின் செய்வது. அதைக் கேட்டுப் படுக்கப் போவதும் இரை தேடிக் கிளம்புவதும் அந்தந்த உயிரின் பாடு.

தகவல் புறப்படும் இடம் கண். விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளிக்கு, அதிலும் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு, அவை அதிகம் கிளர்ந்தெழும். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. கண்ணிலிருந்து செய்தி அங்கே போய், அங்கிருந்து சுற்றுவழியில் பீனியலை அடைகிறது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே சுரப்பு ஏறத் தொடங்கும். இரவில் பளிச்சென்ற ஒளி மனிதரின் மெலட்டோனினை அமுக்கிவிடும் என்பதை 1980இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் காட்டினார்கள். இந்தப் பொருளை 1958இல் முதலில் பிரித்தெடுத்த ஏரன் லெர்னர், தூக்க ஆய்வாளரே அல்ல, தோல் மருத்துவர். மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து எடுத்த இந்தச் சரக்கு தவளையின் தோலை வெளிறச் செய்தது என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

உடல் கடிகார ஆய்வில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியலாளர் எம்.கே. சந்திரசேகரன் கட்டி வளர்த்த ஆய்வுக்கூடம்தான் அதற்குக் காரணம். வெயிலோ கடிகாரமோ ஆள் பேச்சோ எட்டாத நிலவறை ஒன்றில் தன்னார்வலர்களைத் தங்க வைத்து, அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்று அங்கே குறித்து வந்தார்கள். வெளி உலகின் குறிப்பு இல்லாவிட்டாலும் மனிதனின் உள்நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்; பெரும்பாலோருக்கு அது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். வௌவால்களில் அவர்கள் கண்டது இன்னும் சுவையானது. மதுரைப் பக்கத்துக் குகையின் கும்மிருட்டில் கூண்டில் அடைபட்ட வௌவால்கூட, சுற்றிலும் தன் கூட்டம் இருக்கும்வரை, அது கிளம்பும் நேரத்தையே தானும் பின்பற்றியது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் அதன் கடிகாரம் தன்போக்கில் நழுவியது. 1981இல் வெளியான ஆய்வு இது. கடிகாரம் உள்ளே இருந்தாலும் தினமும் யாராவது அதைத் திருத்திவைக்க வேண்டும். நமக்கு அதைச் செய்வது முக்கியமாக வெளிச்சம், அடுத்தபடியாகத்தான் மெலட்டோனின்.

இது புரியாமல் மாத்திரை போடும்போதுதான் குழப்பம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர் நள்ளிரவு தாண்டியதும் எழுந்தாக வேண்டும். விடிவதற்குள் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கிவிடும். ஆகவே இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். தூக்கம் மட்டும் பதினொன்றுக்குத்தான் வரும். படுக்கும்போது ஒரு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் சுண்ணாம்புப் பொடி" என்று தள்ளிவிட்டார். மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை, நேரத்தை மாற்றினார். மூன்று மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து மாலை ஆறு மணிக்கே போடச் சொன்னார். அதன் பிறகு ட்யூப் லைட் வேண்டாம், மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு போதும் என்றார். இயல்பாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முன்பு கொடுத்தால் மெலட்டோனின் கடிகாரத்தை முன்னே இழுக்கும். காலையில் கொடுத்தால் பின்னே தள்ளும். இப்போது ஒன்பதரைக்குக் கண் அசருகிறது என்கிறார். எட்டுக்கு இன்னும் வரவில்லை. வீட்டில் தொலைக்காட்சி அணையாதவரை வராது என்பது என் கணிப்பு.

என் சித்தப்பா மகனின் கதை வேறு. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறான். விடிந்த பிறகு நான்குவழிச் சாலை வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்து மில்லிகிராம் போடுவான். தூக்கம் வந்துவிடும். ஆனால் பத்தரைக்கெல்லாம் விழிப்பு. தலை பாரம், நடுவில் சினிமாபோல நீளும் கனவுகள். இதில் வியக்க ஒன்றுமில்லை. இரத்தத்தில் மெலட்டோனின் அளவு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அளவைக் கூட்டினால் மந்தம்தான் கூடும், அவன் கடிகாரமோ காலை வெயிலைப் பார்த்துப் பகல் என்று முடிவுகட்டியிருக்கும். கறுப்புக் கண்ணாடியும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி மட்டும் வாங்கியிருக்கிறான்.

வெறும் தூக்கமின்மைக்கு இதன் பலன் எவ்வளவு? பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாக ஏழு நிமிடம் குறைகிறது. கடைத்தெருவில் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2017இல் அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் சொன்னதும் இதனால்தான். அத்தகையவர்களுக்கு முதல் சிகிச்சை, தூக்கப் பழக்கங்களையும் அதுபற்றிய பயத்தையும் மாற்றும் நடத்தைப் பயிற்சி.

அட்டையில் அச்சிட்ட அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கனடாவில் கடைகளில் வாங்கிய 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒன்றில் சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; இன்னொன்றில் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது; எட்டில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. ஃப்ளுவாக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிடுவோருக்குச் சரியான அளவே பல மடங்காக இரத்தத்தில் ஏறிவிடும், ஏனென்றால் கல்லீரலில் மெலட்டோனினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.