வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை: சட்டம் சொல்வது என்ன?

கிளிநொச்சியில் மலையாளபுரம், சாந்தபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் போன்ற கிராமங்களில் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அடையாள அட்டைக்கோ காணிக்கோ விண்ணப்பிக்கும்போது 'பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கா?' என்ற கேள்வி இவர்களைக் கலங்கவைக்கிறது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதற்குப் பதில் தருகிறது. மலையகத் தமிழரைப் போன்ற இந்திய வம்சாவளியினர் ஒருவர் 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராக, அல்லது அப்படி வசித்தவரின் வழிவந்து இங்கேயே வசிப்பவராக இருந்தால், அவர் இலங்கைப் பிரஜை. விண்ணப்பித்து வாங்கும் சலுகையல்ல. அந்தத் தகுதியைச் சட்டமே கொடுத்துவிட்டது.

இத்தனை காலம் பிந்தி இப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? ஆட்சியைக் கைமாற்ற பிரித்தானியா நிறைவேற்றிய 1947ஆம் ஆண்டு இலங்கைச் சுதந்திரச் சட்டத்தில், புதிய நாட்டின் பிரஜை யார் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வேலை இலங்கை நாடாளுமன்றத்துக்கு விடப்பட்டது. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் கூடாது என்ற, அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுதான் சிறுபான்மையினருக்கு இருந்த காவல்.

அந்தக் காவல் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. இதை எதிர்த்த வழக்கு, அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறை மன்றம் வரை சென்றும், பிரஜை யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. பிரஜை யார் என்று எழுதாமல் பாதுகாப்பை மட்டும் எழுதிவைத்தது வரைந்தவர்களின் பெரும் பிழை என்பேன்.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களான 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை. 1984இல் இந்தியாவுக்கான தலைமன்னார் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தவர்களிலும் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

இப்படித் தங்கியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். இந்தியப் பிரஜாவுரிமை பெற்றிருந்தவர், இலங்கைப் பிரஜையாக விரும்புவதாக எழுத்தில் பிரகடனம் செய்ய வேண்டும் என்று 2003 சட்டம் சொல்கிறது. போர்க்காலத்தில் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் 'இங்கே வசிப்பவர்' என்ற நிபந்தனையால் விடுபட்டிருந்தார்கள். அவர்களுக்காக 2009இல் திருத்தம் வந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, தகப்பன் மட்டுமல்ல, தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் போதும் என்று பிரஜாவுரிமைச் சட்டமும் 2003இல் மாற்றப்பட்டது.

வன்னியில் உண்மையான சிக்கல் சட்டமல்ல, கடதாசி. இடம்பெயர்வுகளில் பெட்டியோடு போனவை ஏராளம். 1960க்குப் பிந்திய பிறப்புப் பதிவின் பிரதியை, மலையகத்துக்குப் போகாமல் எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். பதிவே இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ கேளுங்கள். பெற்றோரின் பெயருள்ள பழைய வாக்காளர் இடாப்பு, தோட்டப் பாடசாலைப் பதிவு, தோட்டத்துரை கொடுத்த கடிதம் என்று எது கையில் இருந்தாலும் கொண்டுபோங்கள். விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிட உறுதிப்படுத்தலையும் மறக்க வேண்டாம்.